மாலை ஆறு மணிக்கு அந்த இல்லத்தைப் போய்ப் பாருங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. அவருக்கு மறதி நோய் இருப்பதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் சொன்னார்கள். பர்கூர்ப் பக்கம் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. புளி தட்டியும் மாந்தோப்பில் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். நாங்கள் காவேரிப்பட்டணம் அருகே வசிக்கிறோம். என் கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாலையானால் அத்தை 'ஊருக்குப் போக வேண்டும்' என்று கிளம்பிவிடுகிறார். இரண்டு முறை இரவில் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து அழைத்து வந்தோம். எட்டு மாதமாக எனக்கு முழுத் தூக்கம் இல்லை. கடந்த மூன்று வாரமாக அவருடைய குழப்பம் மிகவும் கூடிவிட்டது. கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு வீட்டையே இல்லமாக்கி 11 முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாதம் 24,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். முதல் ஒரு மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்கிறார்கள். உறவினர்களோ 'பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கிறார்கள்' என்று பேசுகிறார்கள். சேர்ப்பதானால் அதற்கு முன்பே அவர் பெயரில் உள்ள நிலத்துக்குக் கைநாட்டு வாங்கிவிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அத்தையை நல்ல இல்லம் ஒன்றில் சேர்ப்பது தவறில்லை. ஆனால் அந்த முடிவை இந்த வாரமே எடுக்க வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 'மூன்று வாரமாக' என்ற சொல்லே அதைக் காட்டுகிறது.

அல்சைமர் முதலிய மறதி நோய்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல மெல்ல முற்றுபவை. மூன்று வாரத்தில் ஒருவருடைய நிலை சட்டென்று மாறினால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மூளையின்மேல் வேறு ஏதோ ஒரு சுமை புதிதாக ஏறியிருக்கிறது என்றுதான் மருத்துவர்களான நாங்கள் முதலில் சந்தேகிப்போம். சிறுநீரில் கிருமித் தொற்று, பல நாள் மலச்சிக்கல், நெஞ்சுச் சளி, உடலில் நீர் குறைதல், சோடியம் உப்பு இறங்குதல், சர்க்கரை ஏறுவதோ இறங்குவதோ என எதுவாகவும் அது இருக்கலாம். தூக்கத்துக்காகவோ அரிப்பு, சளிக்காகவோ மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த மாத்திரைகூட முதியவர்களிடம் இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும். உங்கள் அத்தை இரண்டு முறை இரவில் வெளியே நடந்திருக்கிறார். எங்காவது விழுந்து தலையில் அடிபட்டு, மூளையை மூடியிருக்கும் உறைக்குக் கீழே மெதுவாக இரத்தம் கசிந்து சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆகவே நாளைக்கே கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தைராய்டு, பி12 வைட்டமின் ஆகிய இரண்டையும் இதுவரை பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை முற்றியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கேட்காத காதும் தெரியாத கண்ணும் மறதியை இரட்டிப்பாகக் காட்டும். மூன்று வாரத்துக்கு முன்பிருந்த நிலைக்கு அவர் திரும்பினால், இல்லம் பற்றிய உங்கள் முடிவும் வேறாக இருக்கக்கூடும்.

அடுத்தது உறவினர் பேச்சு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் அவரை முற்றாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால், மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம் என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. தகுந்த இடத்தில் சேர்த்து, செலவையும் ஏற்று, தவறாமல் போய்ப் பார்த்துவரும் குடும்பத்துக்குக் 'கைவிடுதல்' என்ற சொல் பொருந்தாது. அதே சட்டம் பராமரிக்கும் கடமையை யாருக்கு விதிக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரையே 'பிள்ளைகள்' என்று அது குறிப்பிடுகிறது. அந்த வரிசையில் மருமகள் இல்லை. எட்டு மாதம் தூக்கம் கெட்டு நீங்கள் செய்தது சட்டத்தின் கட்டாயத்தால் செய்ததல்ல. அன்பாலும் வழக்கத்தாலும் செய்தது. அதை நான் மதித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் முடிவெடுக்கும் சுமையும் உங்கள் தலையில் மட்டுமே விழுவது நியாயமாகாது. உங்கள் கணவரும், நாத்தனார் இருந்தால் அவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி, இது மகன் எடுத்த முடிவு என்று ஊருக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். பழியெல்லாம் மருமகள்மேல் வந்து விழும் வீடுகளில், அத்தையை இல்லத்தில் சேர்த்த பிறகு அந்தப் பெண்களே மனச்சோர்வுக்கு ஆளாகி எங்களிடம் வருகிறார்கள்.

இனி இல்லத்தைப் பற்றி. நீங்கள் அதைக் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் குளித்திருப்பார்கள், தரை துடைத்திருக்கும், மேலாளர் நாற்காலியில் இருப்பார். மறதி நோய் உள்ளவர்களுக்குக் கடினமான வேளை மாலையில், வெளிச்சம் மங்கும்போது தொடங்குகிறது. நாள் முழுதும் உழைத்த மூளையின் களைப்பும், மங்கிய ஒளியில் நிழல்கள் உண்டாக்கும் குழப்பமும், உடலின் பகல் இரவுக் கணக்கு பிசகுவதும் சேர்ந்து, அந்த நேரத்தில் அவர்களைப் பதற்றம் பற்றிக்கொள்கிறது. உங்கள் அத்தைக்கு 'ஊருக்குப் போக வேண்டும்' என்ற தவிப்பு வரும் அதே நேரம் இது. ஆகவே முன்னறிவிப்பு இல்லாமல் மாலை ஆறு மணிக்குப் போங்கள். விளக்குகளை இருட்டுவதற்கு முன்பே ஏற்றுகிறார்களா, தொலைக்காட்சியில் தொடர்களின் அழுகையும் சண்டையும் அலறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுந்து கதவருகே நிற்கும் ஒருவரைப் பணிப்பெண் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். 'போய் உட்காருங்க' என்று அதட்டினால் அந்த இல்லம் வேண்டாம். கூடவே நாலு அடி நடந்து, 'உங்க ஊரு எது, அங்க யாரு இருக்காங்க' என்று கேட்டுக்கொண்டே முற்றத்தைச் சுற்றித் திரும்ப அழைத்து வந்தால், மற்றக் குறைகள் இருந்தாலும் அந்த இல்லத்தைப் பற்றி மேலே யோசிக்கலாம். 'ஊருக்குப் போக வேண்டும்' என்பவர் பேருந்து கேட்கவில்லை; தன்னை எல்லோருக்கும் தெரிந்திருந்த ஓர் இடத்தைக் கேட்கிறார். 'இதுதானே உங்க வீடு' என்று வாதிட்டு அவரை ஒப்புக்கொள்ளவைக்க முடியாது.

இரவுப் பணியைப் பற்றி விசாரியுங்கள். பதினொரு பேருக்கு இரவில் ஒருவர்தான் என்றால் அது போதாது என்பது என் கருத்து. அவர் ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் நேரத்தில், இன்னொருவர் எழுந்து இருட்டில் நடந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். விழித்திருக்கும் ஆள் எத்தனை பேர், உறங்கியபடி 'இருக்கும்' ஆள் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள்.

இந்தப் பகுதியில் இல்லம் தேடுகிறவர்கள் கேட்க மறப்பதும், நான் மிகவும் வற்புறுத்துவதும் மொழியைத்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்குவது நமக்குப் பழகிய விஷயம் என்பதால், அது ஒரு மருத்துவச் செய்தி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மறதி நோயில் அண்மை நினைவுகள் முதலில் போகின்றன, இளமை நினைவுகள் நீண்ட காலம் நிற்கின்றன. அதேபோல் பின்னால் பழகிய மொழி தளர்ந்து தாய்மொழி மேலெழுவதையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஐம்பது ஆண்டுகள் தமிழ் பேசியவர், 'வாங்க' என்றால் விழித்துக்கொண்டு நிற்பார். 'ரா' என்றால் எழுந்து வருவார். உங்கள் அத்தை இல்லத்தில் 'நீள்ளு' என்று கேட்கும்போது, அது தண்ணீர் என்று புரிந்துகொள்ளும் ஒருவர் அங்கே இல்லை என்றால், ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் உடலில் நீர் குறையும், மூன்றாம் நாள் குழப்பம் கூடும், 'நோய் முற்றிவிட்டது' என்று உங்களுக்குத் தொலைபேசி வரும். பகலில் ஒருவருக்கும் இரவில் ஒருவருக்குமாவது தெலுங்கு தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், நீர், சோறு, வலி, கழிப்பறை, போதும், பயம் என்று அவர் இப்போது பயன்படுத்தும் இருபது முப்பது தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பொருளோடு எழுதி, சமையலறைக் கதவிலும் அவருடைய கட்டில் தலைமாட்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து முதியவர்களுக்குக் கன்னடத்திலும் இதையே செய்யச் சொல்கிறேன்.

கழிப்பறையையும் குளியலறையையும் உள்ளே போய்ப் பாருங்கள். கிராமத்தில் வாழ்ந்த நம் தாய்மார்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வாழ்க்கையின் பிற்பகுதியில் வந்தது. நோய் முற்றும்போது அது உட்காரும் இடம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அதைப் பார்த்து மிரண்டு குளியலறை மூலையில் சிறுநீர் கழிப்பவரை 'இடம் தெரியாமல் அசிங்கம் செய்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைக்கும் வழக்கம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். டயப்பரை மட்டுமே நம்பும் இல்லத்தில் புண்ணும் தொற்றும் வரும். குளிக்கும்போது தலைக்கு மேலிருந்து ஷவர் தண்ணீர் கொட்டினால் அலறுகிறவர், அண்டாவில் வெந்நீரும் கையில் ஒரு சொம்பும் கொடுத்தால் தாமாகவே ஊற்றிக்கொள்வார். குளியலறையில் ஒரு நாற்காலி, கைப்பிடி, வழுக்காத தரை ஆகியவை கட்டாயம் வேண்டும்.

குளிப்பாட்டும்போது அடிக்கிறார், கடிக்கிறார் என்று சொல்லும் பலரை ஆராய்ந்து பார்த்தால் அதன் அடியில் வலி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் அதற்கு முன் ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கிணற்று நீரையும் குடித்த எலும்புகள் பழைய பாதிப்பைச் சுமந்துகொண்டேதான் இருக்கும். முதுகு இறுகி, தோள் உயராமல், முழங்கால் மடங்காமல் போனவரின் கையைச் சேலை மாற்றுவதற்காகத் தூக்கினால் அவர் அடிக்கத்தான் செய்வார்; வலிக்கிறது என்று சொல்லும் சொல் அவரிடம் இல்லை. உங்கள் அத்தைக்கு மூட்டு இறுக்கம் இருந்தால் அதை இல்லத்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். குளியலுக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கிறது. அங்கே தங்கியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், ஓலன்சபின் போன்ற மனநோய் மாத்திரைகள் தரப்படுகின்றன, யார் எழுதிக் கொடுத்தார், கடைசியாக எப்போது குறைத்துப் பார்த்தார்கள் என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. பக்கவாத அபாயமும் உண்டு. சில நேரங்களில், வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு நானும் எழுதுகிறேன். ஆனால் இரவு ஆள் குறைவு என்பதற்காக மாத்திரையைக் கூட்டும் இடத்தில் உங்கள் அத்தை இருக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்திலிருந்து 'அடங்கவே மாட்டார்' என்று சொல்லி ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்று வகை மாத்திரைகளில் அவர் தலை கவிழ்ந்து எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். சிறுநீர் அடைத்து, பை தொப்புள் வரை வீங்கியிருந்தது. குழாய் போட்டு அதை வடித்த அன்று இரவே மாத்திரை இல்லாமல் தூங்கினார். எத்தனை நாள் அந்த வலியோடு எழுந்து எழுந்து நடந்தாரோ என்ற எண்ணம் இன்றும் எனக்கு இருக்கிறது.

கட்டிலில் கட்டிப் போடுவது பற்றியும் தயங்காமல் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றலின் கடுமையான கோளாறையும் சேர்க்கிறது. சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதற்குக் கடும் வரம்புகள் விதிக்கிறது. ஆகவே மறதி நோயாளிகளைத் தங்கவைக்கும் இல்லம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் அந்த இல்லத்தைப் பற்றி விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567இலும் வழிகாட்டுதல் பெறலாம்.

பணத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 24,000 ரூபாயில் என்னென்ன அடங்கும், டயப்பர், மருந்து, மருத்துவர் வருகை தனியா, படுக்கையில் விழுந்தால் எவ்வளவு கூடும், முன்பணம் எந்த நிலையில் எத்தனை நாளில் திரும்பும் என்பவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசிக் காலம் வரை வைத்துப் பார்ப்பார்களா, அல்லது விழுங்க முடியாமல் போனதும் 'அழைத்துப் போங்கள்' என்பார்களா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பலர் இதைக் கேட்கக் கூசி, பிறகு அவசரத்தில் திண்டாடுகிறார்கள்.

உணவு வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நோய் முற்ற முற்ற விழுங்குவது சிரமமாகும். தண்ணீர், மோர் போன்ற நீர்த்த பானங்களே பெரும்பாலும் முதலில் புரையேறும். கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் எளிதாக இறங்கும். களி உருண்டையை மெல்லாமல் விழுங்கிப் பழகியவருக்கு அது தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால், சிறு சிறு துண்டாக்கிக் குழம்பில் நனைத்துத் தர வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஒருவருக்கு ஊட்ட ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், அங்கே பசியோடு படுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்டால், 'டிவி பார்ப்பாங்க, பஜனை இருக்கும்' என்பார்கள். உங்கள் அத்தைக்கு அது போதாது. அவர் வாழ்நாள் எல்லாம் உழைத்த பெண். பெயர்கள் மறந்த பிறகும், கைகள் பழகிய வேலை நெடுநாள் நிற்கும். மூளையில் அந்த நினைவு தங்கும் பகுதிகள் வேறு. புளியை ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அருவாமனையும் தட்டும் கழியும் வேண்டாம். ஓடு நீக்கிய புளியை ஒரு முறத்தில் வைத்தால் போதும். இல்லத்துச் சமையலுக்கே அந்தப் புளி பயன்படும் என்றால் இன்னும் நல்லது. அவர் பொழுதைக் கழிக்கும் நோயாளியாக இருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு ஒரு வேலை செய்து கொடுப்பவராக இருப்பார். குறிப்பாக மாலை ஐந்து மணிக்கு, தவிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு, இந்த முறத்தை மடியில் வைக்கச் சொல்லுங்கள். கொட்டையை அவர் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

முதல் ஒரு மாதம் வரக்கூடாது என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் நானும் குடும்பங்களுக்கு அப்படித்தான் சொன்னேன். பழகட்டும், இடையில் வந்தால் மனம் கலங்கும் என்று நம்பினேன். அப்படி நான் சொல்லி மூன்று வாரம் யாரும் போகாமல் இருந்த ஓர் அம்மையார், மூன்றாவது வாரத்தில் உணவை நிறுத்திவிட்டார். மகள் வந்து ஊட்டியபோதுதான் வாய் திறந்தார். அதன்பின் நான் யாருக்கும் அந்த அறிவுரையைச் சொன்னதில்லை. அடிக்கடி போங்கள், ஆனால் நேரம் பார்த்துப் போங்கள். சாப்பாட்டுக்குப் பிறகான பகல் வேளை நல்லது, மாலையில் வேண்டாம். அரை மணி நேரம் போதும். விடைபெறும்போது வாசலில் நின்று 'போயிட்டு வர்றேன்' என்று சொன்னால், அவரும் எழுந்து உங்களோடு கிளம்பத்தான் செய்வார். காப்பி கொடுக்கும் நேரத்தில், பணிப்பெண் அருகே அமர்ந்து டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, மெல்ல எழுந்து வாருங்கள். இது ஏமாற்று என்று எண்ணிக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். பிரிவின் வலியை ஒரு நாளில் பலமுறை புதிதாக அனுபவிக்க வேண்டாம் என்பதற்காகச் செய்வது. சேர்க்கும் நாளில் 'ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்' என்று சொல்லும்படி யாராவது சொன்னால், அதைச் செய்யாதீர்கள்; பிறகு உண்மையிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில் அவர் வரமாட்டார். 'கொஞ்ச நாள் இங்க இருப்போம், நான் வந்து வந்து பாப்பேன்' என்பது உண்மை. அதையே தெலுங்கில், உங்கள் கணவரின் வாயால் சொல்லுங்கள்.

நிலத்துக்குக் கைநாட்டு வாங்கும் பேச்சை இத்தோடு நிறுத்துங்கள். என்ன எழுதியிருக்கிறது, அதனால் என்ன விளையும் என்று புரிந்துகொள்ளும் மனநிலை இல்லாதவரிடம் வாங்கும் கைநாட்டு செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே உள்ள அடிப்படை. மூன்று ஆண்டுகளாக மறதி நோய்க்கு மருத்துவம் பார்த்த சீட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நாளை யாராவது வழக்குப் போட்டால் அந்தச் சீட்டே சாட்சியாகும். அதைவிட, அவர் உழைத்துச் சேர்த்த நிலம் அவருடைய பராமரிப்புக்கே பயன்பட வேண்டியது. நிலத்தைக் கையாள வேண்டிய உண்மையான தேவை வந்தால், வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தை நாடிச் செய்யுங்கள்.

உங்களுக்குத் தகுதியான இல்லம் கிடைத்தாலும், நேராக முன்பணம் கட்டாமல் இரண்டு வாரம் தங்கவைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்த இரண்டு வாரமும் நீங்கள் தூங்க வேண்டும். எட்டு மாதத் தூக்கக் கடனோடு எடுக்கும் எந்த முடிவும் தெளிவாக இருக்காது. மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருக்கும் நாள்வரை, உங்கள் தொலைபேசி எண்ணை ஒரு துணிப்பட்டையில் எழுதி அவருடைய ரவிக்கைகளின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்றைக் காவல் நிலையத்திலும், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையிலும் கொடுத்து வையுங்கள். கதவின் தாழ்ப்பாளை அவர் கண் வழக்கமாகத் தேடும் உயரத்தில் வைக்காமல், மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் அத்தையின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

சேர்ப்பது என்று முடிவானால், காலையில், குளித்துச் சாப்பிட்ட பிறகு அழைத்துப் போங்கள். அவர் போர்த்தும் போர்வை, அவர் குளிக்கும் சொம்பு, அவருடைய திருமணப் படம் ஆகியவை அவரோடு போகட்டும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் போக வேண்டும். அதை உங்கள் மகள் எழுதட்டும்; பாட்டியைப் பற்றித் தன் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினால், பரீட்சைக்கு நடுவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், எந்தத் தோப்பில் வேலை செய்தார், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொள்வார், காப்பியில் எவ்வளவு சர்க்கரை, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டைக் கேட்டால் தலையாட்டுவார் என்று எழுதட்டும். முதல் பக்கத்தின் முதல் வரியில், அவரை என்ன சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.